கையிலிருக்கும் டொமைன்களின் வருமானத்தைக் கூட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஐம்பதோ ஐநூறோ டொமைன்களை (இணையதள முகவரிப் பெயர்களை) வாங்கிச் சேர்த்துவிட்டு, வருஷா வருஷம் ரினீவல் கட்டிக்கொண்டு, எப்போதாவது ஒன்று விற்றால் போதும் என்று காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருமானம் போதவில்லை என்றதும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது இன்னும் பத்துப் பெயர் வாங்குவது. அதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பெயர்களை ஒழுங்குபடுத்தினாலே கணிசமான பணம் மிஞ்சும். அதுவும் கீழே சொல்லும் வரிசையில் செய்தால்தான்.

## தொடங்கும் முன் என்னென்ன வேண்டும்

எல்லா ரிஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) கணக்குகளின் லாகின், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், டொமைன் வேலைக்கென்றே தனியாக ஒரு மின்னஞ்சல். அந்த மின்னஞ்சலை நீங்கள் விற்கப்போகும் டொமைன் ஒன்றில் வைக்காதீர்கள். அது விற்றுப்போனாலோ காலாவதியானாலோ உங்கள் எல்லாக் கணக்குகளின் சாவியும் அதோடு போய்விடும்.

அமெரிக்கச் சந்தைத் தளங்களில் விற்கப்போகிறீர்கள் என்றால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தை முன்கூட்டியே நிரப்பி வையுங்கள். அமெரிக்கர் அல்லாத தனிநபர்களிடம் இதைக் கேட்பார்கள். விற்பனை முடிந்த பிறகு நிரப்ப உட்கார்ந்தால் பணம் வருவது தள்ளிப்போகும்.

## 1. எல்லாப் பெயர்களையும் ஒரே ஷீட்டில் கொண்டுவாருங்கள்

ஒரு வரிக்கு ஒரு டொமைன். பெயர், ரிஜிஸ்ட்ரார், வாங்கிய தேதி, வாங்கிய விலை, காலாவதி தேதி, ரினீவல் கட்டணம், இப்போதைய நேம்சர்வர் (பெயரைத் திறந்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் சர்வர்), எங்கெங்கே பட்டியலிட்டிருக்கிறீர்கள், என்ன விலைக்கு, வாங்கலாமா என்று கேட்டு இதுவரை வந்த விசாரணைகள். இத்தனை பத்திகள் போதும்.

ரினீவல் கட்டணத்தை ஞாபகத்திலிருந்து எழுதாமல் கணக்கைத் திறந்து பார்த்து எழுதுங்கள். புதியவர்கள் இங்கேதான் முதலில் இடறுகிறார்கள். புதுவகை நீட்சிகள் (பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) பலவற்றை முதல் வருஷம் ஒன்றிரண்டு டாலருக்குத் தருவார்கள். இரண்டாம் வருஷத்திலிருந்து டாட் காமைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். சில பெயர்களை ரெஜிஸ்ட்ரியே (அந்த நீட்சி முழுவதையும் நிர்வகிக்கும் அமைப்பே) 'பிரீமியம்' என்று முத்திரை குத்தியிருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு ஒவ்வொரு வருஷமும் அதே பிரீமியம் கட்டணம்தான். டாட் ஏஐ என்றால் குறைந்தது இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

டாட் காமுக்கு ரெஜிஸ்ட்ரியான வெரிசைன் வாங்கும் மொத்த விலை 2021 வரை 7.85 டாலராக இருந்தது, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. ரிஜிஸ்ட்ரார்கள் இதன் மேல் தங்கள் லாபத்தை வைக்கிறார்கள். சிலர் ஒரு டாலர் வைப்பார்கள், சிலர் பத்து டாலர் வைப்பார்கள். ஷீட்டில் ரினீவல் பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால், எங்கே பணம் கசிகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

## 2. ஒரு பெயரைத் தாங்குவதற்கு என்ன செலவு என்று கணக்கிடுங்கள்

நூறு பெயரில் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதை வைத்து ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம்.

உங்களிடம் 200 பெயர், ரினீவல் சராசரியாக 12 டாலர். வருஷச் செலவு 2,400 டாலர். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டு பெயர், தலா 1,500 டாலருக்கு விற்கிறது. 15 சதவீதக் கமிஷன் போக ஒன்றுக்கு 1,275 டாலர். இரண்டுக்கும் சேர்த்து 2,550. வருஷம் முழுக்க உழைத்ததற்கு மிச்சம் 150 டாலர்.

இப்போது யாருமே கேட்காத 80 பெயரை விட்டுவிடுகிறீர்கள். செலவு 1,440 டாலராக இறங்குகிறது. அதே இரண்டு விற்பனைதான், ஆனால் மிச்சம் 1,110 டாலர். ஒரு பெயர்கூடக் கூடுதலாக விற்கவில்லை.

இதையே ஒற்றைப் பெயருக்கும் போட்டுப் பாருங்கள். 12 டாலர் கட்டிக் காக்கும் ஒரு பெயரை 300 டாலருக்குத்தான் விற்க முடியும் என்று வையுங்கள். கமிஷன் போக 255. செலவு ஈடாக வேண்டுமென்றாலே அந்த மாதிரிப் பெயர்களில் கிட்டத்தட்ட இருபத்தொன்றுக்கு ஒன்று ஒவ்வொரு வருஷமும் விற்க வேண்டும். நடப்பு அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. மலிவு விலைக்கு மட்டுமே போகக்கூடிய பெயர்களை நிறைய வைத்திருப்பவர்கள் நஷ்டப்படுவது இதனால்தான்.

## 3. எதை விடுவது, எதை வைப்பது

விற்பனைக்கு முன்னால் கழிப்பதைச் செய்வதற்குக் காரணம் உண்டு. இனி வரும் படிகள் ஒவ்வொன்றும் பெயருக்குப் பெயர் நேரம் தின்னும். விடப்போகும் பெயருக்கு விலை யோசித்து, பட்டியலிட்டு, சரிபார்ப்பது வீண்.

முதலில் போக வேண்டியவை, மற்றவர்களின் வணிகமுத்திரையைத் தொடும் பெயர்கள். பெரிய நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றியது, அதன் பெயரோடு 'கேர்', 'ஷாப்' என்று ஒட்டியது எல்லாம் இதில் சேரும். டொமைன் பெயர் முறையை உலகளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் என்ற அமைப்பு 1999 முதல் வைத்திருக்கும் யுடிஆர்பி என்ற தகராறுத் தீர்வு முறையில் மூன்று விஷயம் பார்ப்பார்கள்: பெயர் முத்திரையோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறதா, அதில் உங்களுக்கு நியாயமான உரிமை உண்டா, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்தினீர்களா. மூன்றும் உங்களுக்கு எதிராகப் போனால் பெயர் கைமாறிவிடும். டாட் இன் பெயர்களுக்கு ஐஎன்டிஆர்பி என்று இதே போன்ற முறை இருக்கிறது. இந்தப் பெயர்களில் வரும் பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது இன்னொருவருடைய வாடிக்கையாளர் கூட்டம்.

அடுத்து, மிச்சமுள்ள ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: இதை ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கக்கூடியவர் யார்? பதில் 'யாராவது ஒரு ஸ்டார்ட்அப்' என்று வந்தால் அது பதில் இல்லை. 'இந்தச் சொல்லைத் தங்கள் பெயரில் வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்னின்ன. அவை இப்போது நீளமான பெயரிலோ வேறு நீட்சியிலோ இருக்கின்றன' என்று நாலைந்து பேரையாவது தேடிக் காட்ட முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் சொல்லிப் பார்ப்பது நல்ல சோதனை. கேட்டவர் ஒரே தடவையில் சரியாக டைப் செய்தால் தேறியது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ழகரத்துக்கு ஒருவர் ஒரு எழுத்து போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார்; நெடிலுக்கும் அதே கதைதான். பரவலாகப் புழங்கும் எழுத்துக்கூட்டல் உங்களிடம் இல்லையென்றால் அந்தப் பெயரின் மதிப்பில் பெரும்பகுதி வேறொருவரிடம் இருக்கிறது.

ஒரு பெயரை விடலாமா என்ற முடிவைக் காலாவதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே எடுங்கள். அந்த இடைவெளியில் குறைந்த விலைக்கு மற்ற டொமைன் வியாபாரிகளிடம் தள்ளிவிடப் பார்க்கலாம். ஆட்டோ ரினீவலையும் அப்போதே அணைத்துவிட வேண்டும். டாட் காம் போன்ற பொது நீட்சிகளில் காலாவதிக்குப் பின் ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை அவகாசம், அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அப்புறம் 5 நாள் கழித்து அழிப்பு என்று வரிசை இருக்கிறது. மீட்புக் காலத்தில் திரும்ப வாங்கப் பல மடங்கு கட்டணம். தவிர, நல்ல பெயரென்றால் அதற்கு முன்பே ரிஜிஸ்ட்ராரே ஏலத்தில் விட்டிருக்கலாம். ஆகவே 'அவகாசம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்' என்று இருக்காதீர்கள்.

## 4. ரிஜிஸ்ட்ராரை மாற்றுவதும் பூட்டுவதும்

தங்கிய பெயர்களை ரினீவல் குறைவான ஒன்றிரண்டு ரிஜிஸ்ட்ரார்களிடம் சேருங்கள். பொது நீட்சிகளில் மாற்றும்போது கட்டும் தொகைக்கு ஒரு வருஷம் கூடிவிடும், அதனால் தனிச் செலவு இல்லை. ஆனால் காலாவதி தாண்டி ரினீவல் ஆன கையோடு மாற்றாதீர்கள். 45 நாளுக்குள் மாற்றினால் அந்த ரினீவல் வருஷம் ரத்தாகி, கட்டிய பணம் மாட்டிக்கொள்ளும். காலாவதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். மாற்றிய பிறகு 60 நாளுக்கு மறுபடி வேறு ரிஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோக முடியாது என்பதால், பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருக்கும் பெயரை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவையுங்கள்.

லாகினுக்கு இரட்டைச் சரிபார்ப்பு, பெயரை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றவிடாத டிரான்ஸ்ஃபர் லாக் இரண்டையும் போடுங்கள். மின்னஞ்சலே அனுப்பாத பெயர்களுக்கு எஸ்பிஎஃப் பதிவில் (அந்தப் பெயரிலிருந்து யார் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்வது) 'யாரும் அனுப்ப அனுமதியில்லை' என்று வைத்து, டிமார்க்கை (போலி அஞ்சலை என்ன செய்வது என்று சொல்வது) நிராகரிப்பில் விடுங்கள். உங்கள் பெயரில் யாராவது மோசடி அஞ்சல் அனுப்பினால் பெயர் தடைப்பட்டியலில் விழும். வாங்க வந்தவர் சோதித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

## 5. டைப் செய்து வருபவருக்கு விற்பனைப் பக்கம் காட்டுங்கள்

ஒரு பெயர் வேண்டும் என்பவர் முதலில் அதை பிரௌசரில் அடித்துப் பார்ப்பார். அங்கே பிழைச்செய்தி வந்தால் அத்தோடு சரி. 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்தபின் பதிவுத் தகவலில் உரிமையாளரின் விவரம் பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிடுகிறது. உங்களைத் தேடிப் பிடிக்க அவருக்கு வேறு சுலபமான வழி கிடையாது. அதனால்தான் விலை யோசிப்பதற்கும் முன்னால் இந்தப் படி வருகிறது.

ஆஃப்டர்னிக், சீடோ, ஆட்டம் டாட் காம் போன்ற டொமைன் சந்தைகள் தங்கள் நேம்சர்வருக்குத் திருப்பினால் விற்பனைப் பக்கத்தை இலவசமாகவே தருகின்றன. ஆஃப்டர்னிக்கில் அவர்களுடைய நேம்சர்வரை வைத்திருந்தால் 15 சதவீதக் கமிஷன், இல்லாவிட்டால் 25 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நேம்சர்வர் ஒன்றையே எல்லாச் சந்தைக்கும் கொடுக்க முடியாது என்பதால் ஒரு பெயரின் விற்பனைப் பக்கத்துக்கு ஒரு சந்தை என்று முடிவு செய்து ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

மாற்றியதோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்து ஒவ்வொரு பெயரையும் கைப்பேசியில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். எச்டிடிபிஎஸ் உடனும் இல்லாமலும், முன்னால் மூன்று டபிள்யூ போட்டும் போடாமலும் திறக்க வேண்டும். பிறகு அந்தப் படிவத்தில் நீங்களே ஒரு விசாரணை அனுப்பி, அது உங்கள் இன்பாக்ஸுக்கு வருகிறதா, ஸ்பாமில் விழுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக அமைத்தவர்களும் இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் மாதக்கணக்கில் விசாரணைகளைத் தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

## 6. ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு விலை எழுதுங்கள்

ஒன்று பக்கத்தில் காட்டும் விலை. இன்னொன்று உங்களுக்கு மட்டும் தெரிந்த குறைந்தபட்ச விலை. இரண்டையும் விசாரணை வருவதற்கு முன்பே, நிதானமாக இருக்கும்போது எழுத வேண்டும். வாங்குபவர் எதிரே வந்து நின்றபின் யோசித்தால் பதற்றத்தில் குறைத்துச் சொல்வீர்கள், இல்லையேல் ஆசையில் ஏற்றிச் சொல்வீர்கள்.

விலையை எதைப் பார்த்து வைப்பது? நேம்பயோ தளத்தில் அதே சொல்லோ அதே அமைப்போ கொண்ட பெயர்கள் என்ன விலைக்குப் போயின என்று தேடுங்கள். நீட்சி, சொல் எண்ணிக்கை, வருஷம் மூன்றும் ஒத்துவரும் விற்பனைகளை மட்டும் எடுங்கள். ஒற்றைச் சொல் டாட் காம் லட்சம் டாலருக்குப் போனதைக் காட்டி, அதே சொல்லோடு இன்னொன்று ஒட்டிய டாட் நெட்டுக்கு விலை போடக் கூடாது. வியாபாரிகளுக்குள் ஏலத்தில் போன விலை வேறு, அந்தப் பெயரில் தொழில் நடத்தப்போகிறவர் கொடுக்கும் விலை வேறு. பின்னது பல மடங்கு இருக்கும். தானியங்கி மதிப்பீட்டுக் கருவிகள் தரும் எண்ணை நான் விலையாக எடுத்துக்கொள்வதில்லை. பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் அது உதவும்.

'ஆஃபர் கொடுங்கள்' என்று விலையில்லாமல் விடுவதா, விலை போடுவதா என்ற கேள்விக்கு என் பதில்: பத்தாயிரம் டாலருக்குக் கீழே மதிக்கிற எல்லாவற்றுக்கும் விலை போடுங்கள். சின்ன நிறுவனத்துக்காரருக்குப் பேரம் பேச நேரமில்லை, எவ்வளவு கேட்பார்களோ என்ற பயமும் உண்டு. விலை கண்ணில் பட்டால் இரவோடிரவாக வாங்கிவிடுவார். உண்மையிலேயே உயர்ந்த சில பெயர்களை மட்டும் விசாரணைக்கு விடலாம்.

தவணை வசதியைத் தயங்காமல் திறந்துவிடுங்கள். கடைசித் தவணை வரை பெயர் சந்தைத் தளத்தின் பிடியில் இருப்பதால் ஆபத்து குறைவு. இடையில் அவர் நிறுத்தினால் கட்டிய தவணைகளும் பெயரும் உங்களுக்கே என்பதுதான் பொதுவான விதி. ஆனாலும் தளத்துக்குத் தளம் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள்.

## 7. மற்ற சந்தைகளிலும் ஏற்றுங்கள், ஒரே விலையில்

ஆஃப்டர்னிக்கும் சீடோவும் தங்கள் பட்டியலை ரிஜிஸ்ட்ரார்களின் தேடல் பெட்டிகளுக்கும் அனுப்புகின்றன. யாரோ ஒருவர் புதுப்பெயர் பதியப் போகும் இடத்திலேயே உங்கள் பெயர் விலையோடு தெரியும். இதற்கு 'ஃபாஸ்ட் டிரான்ஸ்ஃபர்' என்ற வசதியை இயக்க வேண்டும். பெரும்பாலும் ரிஜிஸ்ட்ராரிடமிருந்து வரும் ஒப்புதல் அஞ்சலில் சம்மதம் சொன்னால்தான் அது செயல்படும். பலர் அந்த அஞ்சலை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள்.

இரண்டு இடத்தில் இரண்டு விலை வைத்தால், வாங்குபவர் குறைந்ததைக் கண்டுபிடிப்பார், கூடவே நம்பிக்கையும் போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, உடனடி விலை போட்ட ஒரு பெயர் ஒரே நாளில் இரண்டு சந்தையில் விற்றுவிடுவது. விற்றதும் மற்ற பட்டியல்களிலிருந்து அன்றே நீக்குங்கள். ரினீவல் கட்டாமல் விட்டுவிட்ட பெயர்களையும் அப்படியே நீக்குங்கள்.

## 8. விசாரணைக்குப் பதில் சொல்லும் முறை

அதே நாளில், முடிந்தால் சில மணி நேரத்திலேயே பதில் போக வேண்டும். கேட்பவர் பெரும்பாலும் நாலைந்து பெயரைப் பரிசீலித்துக்கொண்டிருப்பார். முதலில் தெளிவாகப் பதில் சொன்னவருக்கு வாய்ப்பு அதிகம்.

'இந்தப் பெயர் கிடைக்குமா? என்னிடம் 200 டாலர்தான் இருக்கிறது' என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைப்போம். இதைக் கோபமாக எடுத்துக்கொண்டு பதிலே போடாதவர்கள் நிறைய. நான் எழுதச் சொல்வது இந்த மாதிரி:

'வணக்கம். பெயர் விற்பனைக்கு இருக்கிறது. விலை 2,400 டாலர். ஒரே தடவையாகச் செலுத்தலாம், அல்லது மாதம் 200 டாலராக 12 தவணையில் செலுத்தலாம். முதல் தவணை செலுத்தியதும் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிவிடலாம். எஸ்க்ரோ கட்டணத்தை நான் ஏற்கிறேன். இந்த விலை 14 நாட்களுக்கு.'

அவர் சொன்ன 200 டாலரை மறுக்கவில்லை, அதையே மாதத் தவணையாக்கியிருக்கிறோம். விலை, வழி, கெடு மூன்றும் ஒரே அஞ்சலில் முடிந்துவிட்டது. (எஸ்க்ரோ என்பது பெயர் கைமாறும் வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் சேவை.) எதற்காகப் பெயர் வேண்டும் என்று துருவவில்லை. பெயரின் அருமை பெருமைகளைப் பட்டியல் போடவும் இல்லை; அவருக்கு அது தெரிந்ததால்தான் எழுதியிருக்கிறார்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், கெடு முடிவதற்கு முன் இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம். விலையைக் குறைத்தால் எதையாவது பெற்றுக்கொண்டு குறையுங்கள்: மூன்று நாளில் முழுப் பணம், அல்லது தவணை இல்லை என்ற மாதிரி. சும்மா இறங்கினால் இன்னும் இறங்குவீர்கள் என்று எதிர்பார்ப்பார்கள்.

ஒரு மோசடி மட்டும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். எதிர்பாராமல் பெரிய தொகை சொல்லி, 'இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள்' என்று கேட்பார்கள். சான்றிதழுக்குக் கட்டும் பணம் அவர்களுக்கே போகும், அப்புறம் ஆளைக் காணோம். வாங்க வருகிறவர் விற்பவரைச் செலவு செய்யச் சொல்வதில்லை.

## 9. பணம் வந்து சேர்ந்தபின் பெயரை விடுங்கள்

நேரடியாகப் பேசி முடித்த விற்பனையை எஸ்க்ரோ டாட் காம் வழியாகவோ சந்தைத் தளத்தின் சொந்தப் பரிவர்த்தனை வழியாகவோ நடத்துங்கள். வாங்குபவர் பணம் கட்டியதாக வந்த மின்னஞ்சலை நம்பாமல், தளத்தில் நீங்களே லாகின் செய்து உறுதி செய்த பிறகே லாக்கைத் திறந்து ஆத் கோடு (பெயரை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு) கொடுங்கள். அதே ரிஜிஸ்ட்ராரில் அவருக்குக் கணக்கு இருந்தால் உள்ளேயே 'புஷ்' செய்வது வேகமானது.

கார்டு, பேபால் வழியாக நேரடியாகப் பணம் வாங்குவதைத் தவிருங்கள். வாங்குபவர் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்கெழுப்ப முடியும்; கைமாறிய டொமைனைத் திரும்பப் பெறுவது அவ்வளவு சுலபமில்லை. இந்தியாவில் இருப்பவர்கள் வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்றை ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கி, ரினீவல் ரசீதுகளோடு சேர்த்து ஆடிட்டரிடம் கொடுங்கள்.

## 10. பார்க்கிங் வருமானம்: சிலவற்றுக்கு மட்டும்

பார்க்கிங், அதாவது பெயரில் விளம்பரப் பக்கம் வைத்துச் சம்பாதிப்பது, ஆட்கள் தாமாக டைப் செய்து வரும் பெயர்களுக்கு மட்டுமே பொருந்தும். 2025இல் கூகுள் புதிய விளம்பரதாரர் கணக்குகளைப் பார்க் செய்த டொமைன்களிலிருந்து இயல்பாகவே விலக்கி வைக்கத் தொடங்கியதும் இந்த வருமானம் மேலும் ஆட்டம் கண்டது. மாதம் சில சென்ட் வரும் பெயருக்காக விற்பனைப் பக்கத்தை எடுத்துவிட்டால், வருஷத்தில் வரக்கூடிய ஒரே வாங்குபவரை இழக்க நேரிடும்.

ரினீவலைத் தாண்டிக் கிளிக் வருமானம் தரும் பெயர்களை மட்டும் பார்க்கிங்கில் வைத்து, பக்கத்தின் மேலே 'விற்பனைக்கு' என்ற இணைப்பு தெரிகிற மாதிரி அமையுங்கள். உங்கள் விளம்பரத்தை நீங்களோ நண்பர்களோ கிளிக் செய்தால் கணக்கு முடங்கும்.

## 11. நாமாகப் போய்க் கேட்பது

மேலே சொன்னதெல்லாம் அமைந்தபின், தேர்ந்தெடுத்த சில பெயர்களுக்கு மட்டும் இதைச் செய்யலாம். ஊர்ப் பெயரும் தொழிலும் சேர்ந்த டாட் காம் இருக்கிறது, அந்த ஊரில் அதே தொழில் செய்கிறவர்கள் நீளமான பெயரில் இருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு மூன்று வரி எழுதலாம்: பெயர், விலை, விற்பனைப் பக்கத்தின் முகவரி. ஒரே அஞ்சலை நூறு பேருக்கு அனுப்பாதீர்கள்.

வணிகமுத்திரை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, அதே பெயரை விற்கிறேன் என்று எழுதவே கூடாது. யுடிஆர்பியில் கெட்ட எண்ணத்துக்கு முதல் சான்றாக அந்த அஞ்சலைத்தான் வைப்பார்கள்.

## 12. அதன் பிறகே புதிய பெயர்

விற்பனையில் வந்த பணத்தில் முதலில் அடுத்த வருஷ ரினீவலை எடுத்து வையுங்கள். மிச்சத்தில் வாங்கும்போது, ஷீட்டில் எந்த வகைப் பெயர்களுக்கு விசாரணை வந்தது என்று பார்த்து அந்த வகையில் மட்டும் வாங்குங்கள். தலா பத்து டாலருக்குப் பத்துப் பெயர் பதிவதைவிட, காலாவதி ஏலத்தில் நூறு டாலருக்கு ஒரு பெயர் எடுப்பது பெரும்பாலும் மேல். வாங்கும்போது இரண்டுக்கும் ஒரே செலவு, ஆனால் அடுத்த வருஷம் முந்தையதற்குப் பத்து ரினீவல், பிந்தையதற்கு ஒன்றுதான்.

ஏலத்தில் எடுக்கும் முன் வேபேக் மெஷினில் அந்தப் பெயரின் பழைய பக்கங்களைப் பாருங்கள். சூதாட்டம், போலி மருந்து என்று ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள். வாங்கிய அன்றே ஷீட்டில் வரி சேர்த்து, நேம்சர்வரை மாற்றி, இரண்டு விலையையும் எழுதிவிட வேண்டும்.